அகண்டாகார பீடமும் இரண்டு காப்பும்

தன்னாமுனையில் வாவியைப் பார்த்தபடி நிற்கும் அகண்டாகார ஞானபீடத்தில் எல்லாம் ஒன்றுதான். வாசல் பலகையில் ‘இரண்டு என்பது இல்லை’ என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தார்கள். அந்தப் பலகைக்குக் கீழே செருப்பு விடுவதற்கு மூன்று இடங்கள் இருந்தன. முதல் ஏகத்தாருக்கு நிழலில் ஒரு தட்டு. நடு ஏகத்தாருக்கு வெயிலில் ஒரு தட்டு. பொது ஏகத்தாருக்கு மணல்.

பீடத்தில் குடி, சாதி, ஊர், பேர் ஒன்றும் பார்ப்பதில்லை. எல்லாரும் ஒரே பரம்பொருள். ஆனால் ஒரே பரம்பொருள் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்தால் நெரிசல் வரும் என்பதால், வசதிக்காக அதை மூன்றாகப் பிரித்துக் கயிறு கட்டியிருந்தார்கள். முன்பு இந்தப் பீடம் இன்னும் பெரிதாக இருந்தது. இரண்டு இல்லை என்பதை எப்படிச் சொல்வது என்று நிர்வாகத்தில் கருத்து வேறுபாடு வந்து, பீடம் இரண்டாகிவிட்டது. மற்றது வாவிக்கு அக்கரையில் இருக்கிறது. உண்மையான ஒன்று எது என்று வழக்கு நடக்கிறது.

சின்னத்தங்கத்துக்கு இதொன்றும் தெரியாது. அவள் நாவற்குடாவில் இருந்து ஓட்டோ பிடித்துத் திருநீறு எடுக்க வந்தவள்.

அவளுடைய ஒரே மகள் கஜானி அன்று பின்னேரம் கட்டாருக்குப் போகிறாள். ஒரு வீட்டில் பிள்ளை பார்க்கும் வேலை. கட்டுநாயக்கா விமான நிலையத்துக்குப் போகும் வான் ஐந்து மணிக்கு வீட்டு வாசலுக்கு வரும். கஜானி கைக்குழந்தையாய் இருந்தபோது கடல் வந்து தகப்பனைக் கொண்டுபோனது. அன்று விடியற்புறம் அந்த மனிதர் தோணியடிக்குப் புறப்பட்டபோது சின்னத்தங்கம் அரைத் தூக்கத்தில் இருந்தாள். ‘போய்ட்டு வாங்க’ என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதை அவள் இந்த இருபது வருடமும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் வீட்டு வாசலைத் தாண்டி யார் போனாலும், மீன்காரன் போனாலும், எழுந்து நின்று ‘கவனமாப் போய்ட்டு வாங்க’ என்று சொல்லாமல் விட்டதில்லை.

“பீடத்துத் திருநீறு பூசி அனுப்பினா கடல் கடந்தாலும் காவல்தான் அக்கா” என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பிட்டை அவித்து மூடி வைத்துவிட்டு, “ஒரு எட்டுப் போய் வாறன் மனே” என்று மகளிடம் சொல்லிவிட்டுப் புறப்பட்டாள்.

ஓட்டோக்காரன் ஷிஹான் காத்தான்குடிப் பொடியன். அவளுக்குப் பழக்கமானவன்.

“ஒரு நிமிசம் தம்பி. திருநீற எடுத்திட்டு ஓடி வந்திருவன்.”

“நீங்க மெதுவா வாங்கக்கா. நான் நிக்கன்.”

வாசலில் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் அவளுடைய கைத்தொலைபேசியை வாங்கி ஒரு வாளியில் போட்டார். கோல் எடுப்பவர், எடுக்கப்படுபவர் என்ற பேதம் உள்ளே வரக் கூடாதாம். செயலாளருடைய தொலைபேசிக்கு மட்டும் அந்தப் பேதம் இல்லை.

உள்ளே பெரிய வரிசை நின்றது. திருநீறு வரிசைதான் என்று நினைத்து அவளும் நின்றாள். அன்று பீடத்தின் பூரண ஏக மகோற்சவம் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தாம்பாளத்தோடு ஒரு பூசகர் வந்தார். நம் ஊர்ப் பெண்ணுக்கு முன்னால் தாம்பாளம் வந்தால் கை தானாக நீளும். அவள் இடது கையின் மேல் வலது கையை வைத்து, கண்ணை மூடி, உள்ளங்கையை நீட்டினாள். பூசகர் அடியில் இருந்த இடது கையை மெல்ல உருவி எடுத்து, மணிக்கட்டில் மஞ்சள் நூலைச் சுற்றி, மூன்று முடிச்சுப் போட்டுவிட்டு அடுத்தவரிடம் போனார்.

சின்னத்தங்கம் கண்ணைத் திறந்தபோது கையில் காப்பு.

மட்டக்களப்பில் காப்பு விளையாட்டில்லை. அம்மன் சடங்கில் ஒருமுறை கையில் காப்பு ஏறினால், சடங்கு முடிந்து அவிழ்க்கும்வரை கோயில் எல்லையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் தாண்டியவருக்கு ஒன்றும் வராது, அவர் மனதில் யாரை வைத்திருக்கிறாரோ அவருக்குத்தான் வரும் என்பார்கள். பீடத்தார் ஊர்ச் சடங்கையெல்லாம் அஞ்ஞானம் என்று ஒதுக்கியவர்கள். ஆனால் பிரசங்கத்துக்கு நடுவில் ஆட்கள் எழுந்து போவதைத் தடுக்க இதைவிட நல்ல வழி இல்லை என்று கண்டு, காப்பை மட்டும் வைத்துக்கொண்டார்கள்.

“தம்பி, நான் திருநீறு எடுக்க வந்தனான்” என்றாள் அவள், பக்கத்தில் நின்ற தொண்டரிடம்.

“திருநீறு பின்னேரம், காப்பு அவிழ்த்த பொறகு அம்மா. அவரவர் காப்ப அவரவர்தான் அவிழ்க்கணும். தன்னைத் தானே விடுவிக்கிறதுதான் ஞானம். எல்லார்டயும் அவிழ்ந்தா மணி அடிப்பம். அதுக்குப் பொறகு போகலாம்.”

“எத்தின மணிக்கி?”

“ஞானத்துக்கு மணி இல்ல. ஆனா ஒரு ஏழு மணி ஆகும்.”

வாசல் கதவு திறந்துதான் கிடந்தது. பூட்டே இல்லை. அவள் வாசலைப் பார்த்தாள், கையைப் பார்த்தாள், மகளை நினைத்தாள். மகளை நினைத்தபடியால் கால் எழும்பவில்லை.

செயலாளர் வினாயகமூர்த்தி ஓய்வுபெற்ற கூட்டுறவுப் பரிசோதகர். ஊர்க் கோயிலில் நிர்வாகம் பார்க்கும் வண்ணக்கராக வர எவ்வளவோ முயன்றவர். தாய்வழிக் குடிமுறைப்படி உரிமை வராததால், குடியே பார்க்காத இந்தப் பீடத்தில் சேர்ந்து இதற்குச் செயலாளரானார். அவருடைய அறையில் ஒரே ஒரு கதிரை இருந்தது. அதில் அவர் இருந்தார்.

“ஐயா, என்ட மகள் அஞ்சு மணிக்கி வெளிநாட்டுக்குப் போறாள். நான் போகணும்.”

செயலாளர் கண்களை மூடினார். அவர் மேடைத் தமிழில்தான் பேசுவார்.

“அம்மா, நீங்கள் அனுமதி கேட்கிறீர்கள். கேட்பவர் ஒருவர், கொடுப்பவர் ஒருவர் என்று வந்தால் அங்கே இரண்டு வந்துவிடுகிறது. அது பீடத்தின் யாப்பு விதிகளுக்கு விரோதம். ஆகவே இந்தப் பீடத்தின் வரலாற்றில் யாருக்கும் அனுமதி மறுக்கப்பட்டதே இல்லை.”

“அப்ப போகட்டா ஐயா?”

“கொடுக்கப்பட்டதும் இல்லை.”

“என்ட மகள் அழுதுகொண்டிருப்பாள் ஐயா.”

“மகள், தாய், கண்ணீர். மூன்றும் ஒன்றே. ஒன்று எப்படி அழும்? அழுவதற்கு இன்னொன்று வேண்டும் அல்லவா?” அப்போது ஒரு தொண்டர் தேத்தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். செயலாளர் கண் திறந்து கோப்பையைப் பார்த்தார். “டேய், இது பொது ஏகத்துக் கோப்பையெலா! என்ட கோப்பை எங்க? கண்டவன் குடிச்சதில எனக்குத் தாறியா?”

தொண்டர் கோப்பையை மாற்றப் போனார். செயலாளர் மறுபடியும் கண்களை மூடிக்கொண்டார். சின்னத்தங்கம் சற்று நேரம் நின்று பார்த்தாள். பிறகு கும்பிட்டுவிட்டு வெளியே வந்தாள். என்னதான் இருந்தாலும் கும்பிடாமல் வர அவளுக்குத் தெரியாது.

பொது ஏகத்தில் பாயில் இடம் இருந்தது. பக்கத்தில் களுவாஞ்சிக்குடியில் இருந்து வந்த ஒரு வயதான பெண். பேர் ஆச்சிப்பிள்ளை. இரண்டு மகன்மாரும் சுவிஸில்.

“என்ன புள்ள, முகம் இருண்டு போய்க் கிடக்கு?”

சின்னத்தங்கம் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது குரல் உடைந்தது. முன்னால் நின்ற மௌனத் தொண்டர் ஒலிவாங்கியை எடுத்து, “மௌனம்! மௌனம்! பொது ஏகத்தில கதைக்கிறது ஆரு?” என்று மண்டபமே அதிரக் கத்தினார். அந்தச் சத்தம் அடங்கும்வரை ஆச்சிப்பிள்ளை காத்திருந்து, சேலைக்குள் இருந்து ஒரு வாழைப்பழத்தை எடுத்து, பாதியை முறித்துக் கொடுத்தாள்.

“தின். வெறும் வயித்தோட அழுதா தலை சுத்தும்.”

“நீங்க என்னத்துக்கு இஞ்ச வாறீங்க?”

“எனக்கென்ன, தனிய இரிக்கிற வீடு. இஞ்ச வந்தா நாலு சனத்தோட மூச்சாவது விடலாம். கட்டில் ஒண்டில கிடந்து கூரையப் பாக்கிறதுக்கு, இந்தச் சாமியப் பாக்கலாம்.”

பெரிய சுவாமி மேடைக்கு வந்தார். வணங்குகிறவனும் வணங்கப்படுகிறவனும் ஒன்றே என்பது பெரியவர்கள் கண்ட உண்மை. மற்ற இடங்களில் அதைச் சொல்வதோடு விட்டுவிடுவார்கள். இங்கே செய்து காட்டுவார்கள். சுவாமி தன் பாதத்தைத் தானே வெள்ளித் தட்டில் வைத்து, தானே பன்னீர் ஊற்றிக் கழுவினார். வயிறு இடித்ததால் செயலாளர் பின்னால் இருந்து தாங்கிக்கொண்டார். சுவாமி தன் கழுத்துக்குத் தானே மாலை போட்டார். கற்பூரத் தட்டைத் தன் முகத்துக்கு நேரே சுற்றினார். பிறகு அதைத் தன்னிடமே நீட்டி, தானே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தன் தலையில் தானே கை வைத்து ஆசீர்வதித்தபோது முதல் ஏகத்தில் பலருக்குக் கண் கலங்கியது. கடைசியாகத் தன் காலில் தானே விழ வேண்டும். அது எந்த உடம்பாலும் முடியாத காரியம் என்பதால், அந்த இடத்தில் மட்டும் சபை எழுந்து விழுந்தது.

அடுத்தது அன்னதானம். மேடையில் வாழையிலை விரித்துச் சோறும் பருப்பும் பாயாசமும் படைத்தார்கள். சுவாமி உட்கார்ந்து உண்டார்.

“ஒரு வயிறு நிறைந்தால் எல்லா வயிறும் நிறைந்தது” என்று செயலாளர் ஒலிவாங்கியில் விளக்கினார். “பசிக்கிறது என்று இப்போது யாருக்காவது தோன்றினால், அது அவர் இன்னும் தன்னைத் தனி ஆள் என்று நினைப்பதன் அடையாளம். அப்படிப்பட்டவர்கள் கை உயர்த்தலாம்.”

யாரும் கை உயர்த்தவில்லை. சுவாமி ஏப்பம் விட்டதும் தொண்டர்கள் சபைக்குத் தண்ணீர் கொண்டுவந்தார்கள். எல்லாரும் கை கழுவினார்கள். சின்னத்தங்கமும் கழுவினாள். நூல் நனைந்து இன்னும் இறுகியது.

அப்போது வெளியே ஓட்டோவின் ஹோன் அடித்தது. மறுபடியும் அடித்தது. ஷிஹான்தான். கடிகாரம் பார்த்திருப்பான்.

செயலாளர் ஒலிவாங்கியைப் பிடித்தார். “வெளியே இருந்து ஒரு சத்தம் வருவதுபோல் சிலருக்குத் தோன்றலாம். வெளியே என்று ஒன்று இல்லை. ஆகவே சத்தம் இல்லை. ஆகவே ஓட்டோவும் இல்லை.” ஹோன் மூன்றாம் முறையும் நீளமாக அடித்தது. செயலாளர் ஒலிவாங்கியைக் கையால் மூடிக்கொண்டு தொண்டரைப் பார்த்தார். “போய் அந்த ஓட்டோவ அங்கால எடுக்கச் சொல்லு. எடுக்காட்டி டயர்க் காத்தைத் திறந்து விடு.”

வெளியே ஷிஹானின் குரல் கேட்டது. “அக்கா வராம நான் எடுக்க மாட்டன். காத்தத் திறந்தா நீங்கதான் தூக்கிக்கொண்டு போய் நாவற்குடாவில விடணும்!”

அந்தக் குரல் சின்னத்தங்கத்துக்கு ஒரு துணிச்சலைத் தந்தது. சுவாமி கேள்வி நேரம் என்று அறிவித்ததும் அவள் எழுந்து நின்றுவிட்டாள். பொது ஏகத்தில் இருந்து யாரும் இதுவரை எழுந்ததில்லையாதலால் தொண்டர்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை.

“சாமி, என்ட மகள் இண்டைக்குப் போறாள். நான் அவள வழியனுப்பணும்.”

சுவாமி கனிவாகச் சிரித்தார். “மகள் போகிறாள் என்கிறாய். எங்கே போக முடியும்?”

“கட்டாருக்குச் சாமி.”

“அம்மா, கட்டாரும் நீயே. மட்டக்களப்பும் நீயே. இங்கே இருப்பதும் அங்கே இருக்கப்போவதும் நீ ஒருத்தியே.”

சின்னத்தங்கம் யோசித்தாள். அவள் சுவாமி சொன்னதை மரியாதையோடுதான் யோசித்தாள்.

“அப்ப அங்க அந்த வீட்டில வேலை செய்யப்போறதும் நான்தானா சாமி?”

“நீயே.”

“அப்பிடியெண்டா நானே போறன் சாமி. சின்னப் புள்ள, அவள் நிக்கட்டும். எனக்கு வேலை செய்து பழக்கம்.”

எங்கோ பின்னால் ஒரு பெண் சிரிக்கத் தொடங்கி வாயைப் பொத்திக்கொண்டாள். சுவாமி ஒரு கணம் தடுமாறினார். ஆனால் செயலாளர் கூட்டுறவுச் சங்கத்தில் எத்தனை பொதுக்கூட்டங்களைச் சமாளித்தவர்!

“கேட்டீர்களா?” என்று அவர் கத்தினார். “தான் வேறு, மகள் வேறு என்ற பேதம் இந்த அம்மையாருக்கு இந்தக் கணத்தில் அற்றுவிட்டது! பீடத்தின் வரலாற்றில் முதன்முறையாகப் பொது ஏகத்தில் ஒரு ஞானம்! இவரை ஏகாசனத்தில் இருத்துங்கள்!”

கைதட்டல் எழுந்தது. மறுப்பதற்குள் இரண்டு தொண்டர்கள் அவளைத் தூக்காத குறையாக நடு ஏகம் தாண்டி, முதல் ஏகம் தாண்டி, மேடைக்குப் பக்கத்தில் ஒரு சிங்காரக் கதிரையில் இருத்தினார்கள். காகிதப் பூ மாலையும் போட்டார்கள். வாசல் இப்போது முன்னைவிட இன்னும் தூரத்தில் இருந்தது. ஞானம் வந்தவர் எழும்பக் கூடாது, எழும்பினால் ஞானம் போய்விடும் என்று தொண்டர் காதில் சொல்லிவிட்டுப் போனார்.

சுவர்க் கடிகாரத்தில் நான்கு மணி தாண்டியிருந்தது.

இனிக் கண்ணாடிக்கு அபிஷேகம். பீடத்தின் மூலஸ்தானத்தில் சிலை இல்லை. ஆளுயரக் கண்ணாடி ஒன்றுதான். நீ தேடும் தெய்வம் நீயே என்பது அதன் பொருள். ஆனால் கண்டவர்கள் பார்த்தால் கண்டவர்கள் முகம் அதில் விழும் என்பதால் எப்போதும் திரை போட்டு வைத்திருப்பார்கள். வீட்டு விலக்கான பெண்கள் அந்தப் பக்கமே வரக் கூடாது. வந்தால் தெய்வம் தீட்டாகிவிடும். வருடத்தில் இன்று மட்டும் திரை விலகும். விலகிய உடனே பாலும் தயிரும் சந்தனமும் சாத்தி, கண்ணாடியில் எதுவும் தெரியாதபடி பார்த்துக்கொள்வார்கள்.

மேளம் முழங்கியது. திரை விலகியது. எல்லாரும் எழுந்து முன்னால் தள்ளினார்கள். பால் ஊற்றினார்கள். பிறகு தண்ணீர். சந்தனக் கும்பா வர ஒரு நொடி தாமதமானது. அந்த ஒரு நொடியில், கழுவிவிட்ட கண்ணாடி பளிச்சென்று இருந்தது. பக்கத்துக் கதிரையில் இருந்த சின்னத்தங்கத்துக்கு அது சரிவாகத் தெரிந்தது. அவளுடைய முகம் அதில் விழவில்லை. கயிற்றைத் தூக்கிக் குனிந்து, மூச்சு வாங்க, அவளை நோக்கி வந்துகொண்டிருந்த ஆச்சிப்பிள்ளையின் முகம் தெரிந்தது.

பிறகு சந்தனம் விழுந்து மூடியது.

ஆச்சிப்பிள்ளை கதிரைக்குப் பக்கத்தில் குந்தினாள். “இஞ்ச கொண்டா கைய.”

“என்னத்துக்கு?”

“கொண்டா எண்டா கொண்டா. எல்லாரும் கண்ணாடியப் பாக்கிறாங்க.” பல்லும் நகமும் வைத்து முடிச்சை இழுத்தாள். “காலைல இருந்து எல்லாரும் ஒண்டு, ஒண்டு எண்டுதானே சொல்லுறாங்க? அப்ப காப்பு ஆர்ட கையில கிடந்தா என்ன? உன்டத நான் போட்டுக்கொண்டு இரிக்கன். நீ போய் உன்ட புள்ளயப் பாரு.”

“அப்ப பாவம்…”

“பாவம் வந்தா எனக்கு வரட்டும். எனக்கு நினைக்க ஆர் இரிக்காங்க? மகன்மார நினைச்சாலும் அவங்களுக்கு ஒண்டும் வராது. கோல் எடுத்தாலே வராத ஆக்கள், பாவத்துக்கு வருவாங்களா?” முடிச்சு அவிழ்ந்தது. நூலை நிலத்தில் படவிடாமல் பிடித்துக்கொண்டு, ஏற்கெனவே காப்புக் கிடந்த தன் இடது கையை நீட்டினாள். “கட்டு. ஒத்தைக் கையால எனக்குக் கட்ட ஏலாது.”

சின்னத்தங்கம் அந்தக் கையைப் பிடித்தாள். நூலைச் சுற்றினாள். மூன்று முடிச்சையும் போட்டாள். இரண்டு காப்பும் ஒன்றின் மேல் ஒன்றாக அந்தச் சுருங்கிய மணிக்கட்டில் கிடந்தன.

“ஓடு புள்ள.”

வாசலில் தொண்டர் அவளை மறித்தார். கையைத் திருப்பிப் பார்த்தார். காப்பு இல்லை.

“காப்பில்லாத ஆள் உள்ளுக்கு எப்பிடி வந்தது? இஞ்ச நிக்கக் கூடாது. வெளியால போங்க! போங்க!”

இவ்வளவு நேரமும் அவள் கெஞ்சிக் கேட்டதை அவர் அதட்டிக் கொடுத்தார்.

ஷிஹான் ஏற்கெனவே எஞ்சினைக் கிளப்பியிருந்தான். “என்னக்கா ஒரு நிமிசம்! நான் லுஹர், அஸர் ரெண்டு தொழுகையும் முடிச்சிட்டு வந்து நிக்கன். உங்கட மகள் எனக்குக் கோல் எடுத்து அழுறா.”

“ஓட்டு தம்பி, ஓட்டு.”

டவுனைத் தாண்டிக் கல்லடிப் பாலத்தில் ஏறும்போது வாவிக் காற்று முகத்தில் அடித்தது. அவள் வெறுங்கையைப் பிடித்தபடி இருந்தாள். காப்பு இல்லாத இடம் பாரமாய்க் கனத்தது.

வான் வாசலில் உறுமிக்கொண்டு நின்றது. சாரதி ஹோனில் கை வைத்திருந்தார். கஜானி படியில் ஒரு காலும் நிலத்தில் ஒரு காலுமாக, ஏறவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் நின்றாள். தாயைக் கண்டதும், “எங்கம்மா போன நீங்க!” என்று கட்டிக்கொண்டு அழுதாள். “திருநீறு எங்க?”

திருநீறு! சின்னத்தங்கம் தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். வெறுங்கை. இடது மணிக்கட்டில் நனைந்த நூல் விட்ட மஞ்சள் மட்டும் வளையம்போல் ஒட்டிக் கிடந்தது. வலது பெருவிரலை அதில் அழுத்தித் தேய்த்தாள். அந்த மஞ்சளை மகளின் நெற்றியில் இட்டாள்.

“இது ஆர்ட மஞ்சள்மா?”

“ஒரு அம்மாட. உனக்காக அங்க இருக்காங்க. கவனமாப் போய்ட்டு வா மனே.”

சொல்லிவிட்டாள். வான் வளைவில் திரும்பி மறைந்தது. அவள் எதிர்பார்த்ததுபோல் நெஞ்சு வெடிக்கவில்லை. ஏதோ ஒரு இடம் இறங்கி அமைதியானது. வீட்டுக்குள் போய் மிச்சப் பிட்டை ஒரு பெட்டியில் போட்டு எடுத்துக்கொண்டு வந்தாள்.

“தம்பி, திரும்பத் தன்னாமுனைக்கு விடு.”

ஷிஹான் அவளைத் திரும்பிப் பார்த்தான். “அக்கா, உங்களுக்கு விசரா? தப்பி வந்த இடத்துக்கே போறீங்களா?”

“அங்க ஒருத்தி என்ட காப்போட இரிக்கா.”

அவன் ஓட்டோவைத் திருப்பினான். அந்தி மஃரிப் தொழுகைக்கு வழியில் பள்ளிவாசல் இருக்கிறது என்று மட்டும் சொன்னான்.

பீடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்து விளக்குப் போட்டிருந்தார்கள். வாசல் தொண்டர் வாசலில் இல்லை. உள்ளே போனால், மண்டபம் முழுக்க ஆட்கள் தங்கள் தங்கள் கையைத் தாங்களே கடித்துக்கொண்டிருந்தார்கள். தன்னைத் தானே விடுவிப்பது ஞானம் என்று சொல்லிவிட்டார்கள். ஆனால் நனைந்து இறுகிய மூன்று முடிச்சை ஒற்றைக் கையால் அவிழ்க்க மனிதரால் முடியாது. எல்லார் காப்பும் அவிழாமல் மணி அடிக்கக் கூடாது. மணி அடிக்காமல் யாரும் போகக் கூடாது.

மண்டபத்தின் நடுவில் ஆச்சிப்பிள்ளை பாயில் இருந்தாள். அவளைச் சுற்றிச் செயலாளரும் நிர்வாகமும் நின்றார்கள்.

“ஒரு கையில் இரண்டு காப்பு!” செயலாளரின் குரல் கம்மியிருந்தது. “இரண்டின்மைப் பீடத்தில் இரண்டு காப்பு! இரண்டையும் அவிழ்த்தால் இரண்டு இருந்ததாக நாம் ஒப்புக்கொண்டதாகும். ஒன்றை அவிழ்த்தால் ஒன்று மிஞ்சும். அக்கரைக்காரர் இதை அறிந்தால் வழக்கில் நம் கதி என்ன?”

“எனக்கென்ன தெரியும் மகன்?” என்றாள் ஆச்சிப்பிள்ளை. “நீங்க ஒண்டு எண்டு சொன்னீங்க. நான் அப்பிடித்தான் எண்ணிக்கொண்டு இரிக்கன்.”

சின்னத்தங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், பிட்டுப் பெட்டியைக் கீழே வைத்து, அவள் முன்னால் குந்தினாள்.

“வந்திட்டியா? புள்ள போயிட்டாளா?”

“போயிட்டாள். உங்கட மஞ்சளோட.”

சின்னத்தங்கம் அந்தக் கையை மடியில் எடுத்து வைத்து இரண்டு காப்பின் முடிச்சுக்களையும் ஒவ்வொன்றாக அவிழ்த்தாள். இரண்டு கை உள்ள ஒருவருக்கு அது பெரிய வேலை இல்லை. அதைப் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்துப் பெண் தன் கையை அடுத்தவளிடம் நீட்டினாள். அவள் அவிழ்த்துவிட்டுத் தன் கையை நீட்டினாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த நடு ஏகத்தார் பொது ஏகத்தாரிடம் கையை நீட்டினார்கள். கயிறு இடைஞ்சலாக இருந்ததால் யாரோ அதையும் அவிழ்த்துவிட்டார்கள்.

“நிறுத்துங்கள்! இது ஒருவர் இன்னொருவருக்குச் செய்வது! இது இரண்டு!” என்று செயலாளர் கத்தினார். அவருடைய காப்பை யாரோ பின்னால் இருந்து அவிழ்த்துக்கொண்டிருந்தது அவருக்குத் தெரியவில்லை.

கண்ணாடித் திரைக்குப் பின்னால் இருந்து பெரிய சுவாமி வெளியே வந்தார். காலையில் இருந்து எல்லாவற்றையும் தனக்குத் தானே செய்துகொண்டவர். மணிக்கட்டு கடித்துக் கடித்துச் சிவந்திருந்தது. கொழும்புக்கு அவரை ஏற்றிப்போக வந்த வாகனம் வெகுநேரமாக நின்றுகொண்டிருந்தது. அவர் சின்னத்தங்கத்தின் முன்னால் வந்து தயங்கி நின்றார். அருகில் பார்க்கும்போது களைத்துப்போன ஒரு சாதாரண மனிதர்.

“அம்மா,” என்றார், மேடைக் குரல் இல்லாமல். “எனக்கும் ஒருக்கா அவிழ்த்துவிடுறீங்களா?”

சின்னத்தங்கம் அவிழ்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். பெட்டியைத் திறந்து ஒரு பிடி பிட்டை எடுத்து அவர் கையில் வைத்தாள். தூரப் பயணம் போகிறவரை வெறுங்கையோடு அனுப்ப அவளுக்குத் தெரியாது. சுவாமி அதை நின்றபடியே சாப்பிட்டார். இந்த முறை யாரும் கை கழுவவில்லை. பெட்டி கை மாறிக் கை மாறி மண்டபத்தைச் சுற்றியது.

“வீட்டில பாத்துக்கொண்டு இரிப்பாங்க” என்று அவள் சொன்னாள். “கவனமாப் போய்ட்டு வாங்க சாமி.”

ஆச்சிப்பிள்ளையைக் களுவாஞ்சிக்குடிவரைக்கும் கொண்டுபோய் விடுவதாக ஷிஹான் சொன்னான். வாசல் வாளியில் இருந்து தொலைபேசியை எடுத்துக்கொண்டு, இரண்டு காப்பு நூலையும் வாவியில் விட்டுவிட்டு இரண்டு பெண்களும் ஓட்டோவில் நெருக்கிக்கொண்டு ஏறினார்கள். மண்டபம் காலியாகிவிட்டது. உள்ளே ஒலிபெருக்கியில் செயலாளர் மட்டும், நிலவரத்தைச் சீர்செய்ய, அறிவித்துக்கொண்டிருந்தார்:

“இன்று இந்தப் பீடத்துக்கு யாரும் வரவும் இல்லை, இங்கிருந்து யாரும் போகவும் இல்லை.”

“அந்த ஐயா பாவம்” என்றாள் சின்னத்தங்கம். “அவர வழியனுப்ப ஆரும் இல்ல.” ஓட்டோவை ஒரு நிமிடம் நிறுத்தச் சொல்லி, வெளியே தலையை நீட்டி, அந்த வெளிச்சத்தைப் பார்த்து, “போய்ட்டு வாறம் ஐயா!” என்று சத்தமாகச் சொன்னாள்.

ஒலிபெருக்கி கரகரத்தது.

“ம்… போய்ட்டு வாங்க” என்றது.